அவசர கருத்தடை மாத்திரைக்குப் பின் மாதவிடாய் தள்ளிப்போவது ஏன்? எப்போது பரிசோதனை அவசியம்?

திருவனந்தபுரம்: அவசர கருத்தடை மாத்திரை உட்கொண்ட பெண்களை அடுத்த சில வாரங்களுக்கு வாட்டும் கேள்வி ஒன்றே: மாதவிடாய் எப்போது வரும்? குறித்த நாளுக்கு முன்பே வந்தால் அது மாதவிடாய்தானா, தள்ளிப்போனால் கருத்தரித்துவிட்டதா என்ற ஐயங்கள் தொடர்ந்து எழுகின்றன. கூச்சத்தின் காரணமாகப் பலரும் மருத்துவரிடம் செல்லாமல் தாங்களே ஒரு முடிவுக்கு வருகின்றனர். அந்த முடிவு தவறாகிப்போனால் கர்ப்பம் கண்டறியப்படுவது தாமதமாகிறது. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகிறது.

இம்மாத்திரையை உட்கொண்ட மாதத்தில் மாதவிடாய் சில நாள்கள் முன்னதாகவோ, சில நாள்கள் தாமதமாகவோ வரக்கூடும். வழக்கத்தைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ குருதிப்போக்கு இருக்கலாம். பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த நாளுக்கு ஒரு வாரம் முன் அல்லது ஒரு வாரம் பின் என்ற எல்லைக்குள் மாதவிடாய் வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வதே சரியான வழி. மாத்திரை உட்கொண்ட சில நாள்களில் ஏற்படும் சிறு குருதிக்கசிவை 'மாத்திரை வேலை செய்துவிட்டது' என்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது.

மாத்திரையும் திருவனந்தபுரமும்

இந்தியாவில் பரவலாக விற்பனையாகும் அவசர கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து. பெண்ணுடலில் இயற்கையாகச் சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனைப் போலச் செயல்படும் செயற்கை மருந்து இது. 1.5 மில்லிகிராம் அளவுள்ள ஒரே மாத்திரையாக இது கிடைக்கிறது. பாதுகாப்பற்ற உடலுறவு நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் இதனை உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவாக உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பயன் அதிகம்.

மருத்துவர் சீட்டு இன்றி இம்மாத்திரையை மருந்தகங்களில் வாங்க 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு வழிசெய்தது. 2007-இல் சிப்லா நிறுவனம் 'ஐ-பில்' என்ற பெயரில் இதனை அறிமுகப்படுத்தி, தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியே நாடெங்கும் கொண்டுசென்றது. 2010-இல் அவ்வணிகப் பெயர் பிரமல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மேன்கைண்ட் நிறுவனத்தின் 'அன்வான்டட்-72' மற்றொரு பரிச்சயமான பெயர்.

அரசு மருத்துவமனைகள், சுகாதார நிலையங்கள் வழியே வழங்கப்படும் மாத்திரையின் பெயர் 'ஈசி பில்'. நாட்டின் குடும்பநலத் திட்டத்தில் நீண்ட காலமாகப் பங்காற்றிவரும் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரின் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பெயரில் 1966-இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம், நகரின் பேரூர்க்கடை தொழிற்சாலையில் 1969-இல் 'நிரோத்' ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியது. பிற்காலத்தில் கருத்தடை மாத்திரைகள், காப்பர்-டி உள்ளிட்ட சாதனங்களுக்கும் அதன் உற்பத்தி விரிந்தது.

மாதவிடாய்ச் சுழற்சி இயங்கும் விதம்

மாத்திரையின் விளைவைப் புரிந்துகொள்ள, சுழற்சியின் இயல்பான ஓட்டத்தை அறிவது அவசியம். குருதிப்போக்கு தொடங்கும் நாள் சுழற்சியின் முதல் நாளாகக் கணக்கிடப்படுகிறது. அதிலிருந்து அடுத்த குருதிப்போக்கு தொடங்கும் வரையிலான காலம் ஒரு சுழற்சி. சராசரியாக 28 நாள்கள் என்று கூறப்பட்டாலும், 21 முதல் 35 நாள்கள் வரையிலான சுழற்சி இயல்பானதே.

சுழற்சியின் முற்பாதியில் சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்கிறது. அதேவேளையில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. முட்டை முதிர்ந்ததும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் திடீரெனப் பெருமளவில் சுரக்கிறது. இந்த எழுச்சி தொடங்கிய ஏறத்தாழ 36 மணி நேரத்தில் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுகிறது. வெளியேறிய முட்டை சுமார் ஒரு நாள் மட்டுமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுக்களோ பெண்ணுடலுக்குள் 5 நாள்கள் வரை உயிர்வாழக்கூடியவை.

முட்டை வெளியேறிய பின் புரொஜெஸ்ட்ரோன் சுரக்கிறது. கருத்தரிப்பு நிகழாவிட்டால் சுமார் 14 நாள்களில் அச்சுரப்பு வீழ்கிறது. கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து குருதியுடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். ஆக, முட்டை வெளியேறும் நாளும், புரொஜெஸ்ட்ரோன் அளவு வீழும் நேரமுமே மாதவிடாய் வரும் நாளைத் தீர்மானிக்கின்றன. அவசர கருத்தடை மாத்திரை இவ்விரண்டிலும் தலையிடுகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

லெவோநார்ஜெஸ்ட்ரலின் முதன்மையான வேலை, எல்.எச். ஹார்மோனின் எழுச்சியைத் தடுப்பது அல்லது தாமதப்படுத்துவது. அதனால் முட்டை வெளியேறுவது தள்ளிப்போகிறது. காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் செயலிழந்துவிடுகின்றன. எழுச்சி தொடங்கிய பிறகு மாத்திரையை உட்கொண்டால் முட்டை வெளியேறுவதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இம்மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை அன்று. ஏற்கெனவே கருப்பையில் பதிந்துவிட்ட கருவை இது கலைப்பதில்லை. அக்கருவுக்கு ஊறு விளைவிப்பதும் இல்லை. கரு பதிவதை இம்மாத்திரை தடுக்கக்கூடும் என்று முன்னர் அச்சிடப்பட்டிருந்த வாசகத்தை, அறிவியல் சான்றுகளின் அடிப்படையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் மருந்து விவரக்குறிப்பிலிருந்து நீக்கியது.

சுழற்சியின் எந்த நாளில் மாத்திரை உட்கொள்ளப்பட்டது என்பதைப் பொறுத்து மாதவிடாயின் போக்கு மாறுபடுகிறது. 28 நாள் சுழற்சி உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

முதல் நிலை: 7-ஆம் நாளில் மாத்திரை உட்கொள்ளப்படுகிறது. தடித்துவரும் கருப்பை உட்சுவருக்கு மருந்தின் வழியே ஹார்மோன் திடீரெனக் கிடைக்கிறது. சில நாள்களில் அம்மருந்து உடலிலிருந்து நீங்கியதும் உட்சுவருக்கான ஆதரவு விலகுகிறது. இதனால் எதிர்பார்த்த நாளுக்கு முன்பே குருதிப்போக்கு தொடங்கக்கூடும். சுழற்சியின் முதல் 3 வாரங்களில் உட்கொண்டால் அந்தச் சுழற்சி சராசரியாகச் சற்றுச் சுருங்குகிறது என்பதும், எவ்வளவு முன்னதாக உட்கொள்ளப்படுகிறதோ அந்த அளவுக்குச் சுருக்கம் அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன.

இரண்டாம் நிலை: 12-ஆம் நாளில், முட்டை வெளியேறுவதற்குச் சற்று முன் மாத்திரை உட்கொள்ளப்படுகிறது. 14-ஆம் நாளில் வெளியேற வேண்டிய முட்டை 5 நாள்கள் தள்ளி 19-ஆம் நாளில் வெளியேறுகிறது எனக் கொள்வோம். அதிலிருந்து 14 நாள்கள் கணக்கிட்டால் மாதவிடாய் 33-ஆம் நாளை ஒட்டி வரும். அதாவது 5 நாள் தாமதம். இங்கே கருத்தரிப்பு நிகழவில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்ததன் விளைவாகவே தாமதம் ஏற்பட்டிருக்கிறது.

மூன்றாம் நிலை: 20-ஆம் நாளில் உட்கொள்ளப்படுகிறது. முட்டை முன்பே வெளியேறிவிட்டதால் மாதவிடாய் ஏறத்தாழ வழக்கமான நாளிலேயே வரும். ஆனால் அந்த மாதவிடாய் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான நாள்கள் நீடிக்கலாம்.

முட்டை எந்த நாளில் வெளியேறுகிறது என்பதைப் பெரும்பாலோரால் உறுதியாகக் கணிக்க முடியாது. ஆகவே 'பாதுகாப்பான நாள்' எனக் கருதி மாத்திரையைத் தவிர்ப்பதோ, கணக்குப் போட்டுக் காலம் தாழ்த்துவதோ உகந்ததன்று.

எத்தனை பேருக்கு என்னென்ன மாற்றங்கள்?

1.5 மில்லிகிராம் ஒற்றை மாத்திரைக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மருந்து விவரக்குறிப்பின்படி, ஆய்வில் பங்கேற்ற பெண்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கு மாதவிடாயின்போது குருதிப்போக்கு கூடுதலாக இருந்தது. குமட்டல் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கும், அடிவயிற்று வலியும் சோர்வும் தலா 13 சதவீதத்தினருக்கும், தலைவலி 10 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. மார்பக வலி சுமார் 8 சதவீதத்தினருக்கு இருந்தது. மாதவிடாய் 7 நாள்களுக்கு மேல் தள்ளிப்போனது 100-இல் 4 அல்லது 5 பேருக்கு மட்டுமே.

அதாவது, ஒரு வாரத்துக்கும் மேலான தாமதம் மாத்திரையினால் மட்டுமே ஏற்படுவது அரிது. ஒரு வாரம் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால் 'மாத்திரையின் பக்கவிளைவுதான்' எனத் தள்ளிவிடாமல் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவதன் அடிப்படை இதுவே.

இம்மாற்றங்கள் நிலையானவை அல்ல. அடுத்த சுழற்சியின் கால அளவு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டாவது மாதவிடாய் சிலருக்குச் சற்றுக் கூடுதலான நாள்கள் நீடிக்கலாம். எதிர்காலக் கருத்தரிப்புத் திறனை இம்மாத்திரை பாதிப்பதில்லை என உலக சுகாதார அமைப்பு தெளிவுபடுத்தியுள்ளது.

கைப்பேசிச் செயலிகள் மூலம் மாதவிடாய் நாள்களைக் கணக்கிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலிகள் முந்தைய மாதங்களின் சராசரியைக் கொண்டே கணிக்கின்றன. மாத்திரை உட்கொண்ட மாதத்தில் அக்கணிப்பு, குறிப்பாகக் கருவுறும் நாள்கள் பற்றிய கணிப்பு, பொருந்தாது.

குருதிக்கசிவும் மாதவிடாயும் ஒன்றல்ல

மாத்திரை உட்கொண்ட சில நாள்களில் உள்ளாடையில் படும் அளவுக்குச் சிறு கசிவு சிலருக்கு ஏற்படுகிறது. இது ஹார்மோன் அளவு உயர்ந்து தாழ்வதன் விளைவு. பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். இதனை மாதவிடாய் எனக் கருதி நிம்மதி அடைந்து, பின்னர் வர வேண்டிய மாதவிடாய் வராததைக் கவனிக்காமல் விடுவதே பரவலாக நிகழும் தவறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கசிவு ஏற்படாவிட்டால் மாத்திரை பலனளிக்கவில்லை எனக் கருதுவோர் உள்ளனர். இதுவும் உண்மையன்று. மாத்திரை உட்கொண்டவுடன் குருதி வெளியேற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலோருக்கு அடுத்த மாதவிடாய் வரை கசிவே ஏற்படுவதில்லை.

கர்ப்பத்தின் தொடக்க நாள்களிலும் சிறு கசிவு ஏற்படலாம் என்பதால், குருதியைப் பார்த்த மாத்திரத்தில் கர்ப்பம் இல்லை என முடிவுசெய்ய இயலாது. வந்த குருதிப்போக்கு வழக்கமான மாதவிடாயைவிட மிகக் குறைவாகவோ, ஓரிரு நாளிலேயே நின்றுவிடுவதாகவோ இருந்தால் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பரிசோதனை எப்போது?

எதிர்பார்த்த நாளைக் கடந்து 7 நாள்கள் ஆகியும் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை அவசியம். மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களால் எதிர்பார்க்கும் நாளைக் கணிக்க முடியாது. அவர்கள் உடலுறவு நிகழ்ந்த நாளிலிருந்து 3 வாரங்கள் கழித்துப் பரிசோதிக்கலாம். அதற்கு முன் பரிசோதித்தால், கர்ப்பம் இருந்தும் இல்லை எனக் காட்ட வாய்ப்புண்டு.

மருந்தகங்களில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையே போதுமானது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைப் பயன்படுத்துவது உகந்தது. அரசுத் திட்டத்தில் 'நிஷ்சய்' என்ற பெயரில் இப்பரிசோதனை அட்டைகள் ஆஷா பணியாளர்கள் வழியே வழங்கப்படுகின்றன. முடிவு 'இல்லை' எனக் காட்டியும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அப்போதும் அதே நிலை நீடித்தால் மகப்பேறு மருத்துவரை அணுக வேண்டும். மன அழுத்தம், உடல் எடையில் ஏற்படும் பெரும் மாற்றம், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவற்றாலும் மாதவிடாய் தள்ளிப்போகலாம்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

மாத்திரை உட்கொண்ட 3 முதல் 5 வாரங்களுக்குள் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், தலைசுற்றல் ஆகியவை ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு வளர்வதன் அறிகுறியாக இது இருக்கலாம். மாத்திரை இந்நிலையை உண்டாக்குவதில்லை. ஆனால் மாத்திரை பலனளிக்காமல் கருத்தரித்தவர்களில் மிகச் சிலருக்கு, பிற கர்ப்பங்களைப் போலவே, இது நேரிடலாம். கருக்குழாய் வெடித்தால் உள்ளுக்குள் ஏற்படும் குருதிப்பெருக்கு உயிரைப் பறிக்கக்கூடியது. இந்நிலையிலும் சிறு குருதிக்கசிவு இருக்கும் என்பதால், பலர் அதனை மாத்திரையின் விளைவு எனத் தவறாகக் கருதிவிடும் அபாயம் உண்டு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் மாற்ற வேண்டிய அளவுக்குக் குருதிப்போக்கு இருந்தாலும், குருதிப்போக்குடன் காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலும் மருத்துவரைக் காண்பது அவசியம்.

செய்யக்கூடாதவை

மாதவிடாய் தள்ளிப்போனதும் அதனை 'வரவழைக்க' இன்னொரு அவசர கருத்தடை மாத்திரையை உட்கொள்வதால் பயனில்லை. அது சுழற்சியை மேலும் குழப்பும். மாத்திரை உட்கொண்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மட்டும் மீண்டும் ஒரு மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

பரிசோதனையே செய்யாமல் கருக்கலைப்பு மாத்திரைகளைத் தாங்களே வாங்கி உட்கொள்வது இதைவிட ஆபத்தானது. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகிய அம்மருந்துகள் அவசர கருத்தடை மாத்திரையிலிருந்து முற்றிலும் வேறானவை. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளத்தக்கவை. கருக்குழாயில் கரு வளரும் நிலையை அவை குணப்படுத்துவதில்லை. அவற்றால் ஏற்படும் குருதிப்போக்கோ உண்மை நிலையை மறைத்துவிடும்.

அதே மாதத்தில் மீண்டும் கருத்தரிக்கும் வாய்ப்பு

மாத்திரை முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறதே தவிர, அந்த மாதம் முழுவதற்கும் பாதுகாப்பு அளிப்பதில்லை. தள்ளிப்போன முட்டை சில நாள்கள் கழித்து வெளியேறும். மாத்திரை உட்கொண்ட பின் அதே சுழற்சியில் மீண்டும் பாதுகாப்பற்ற உடலுறவு நிகழ்ந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறது. எனவே அன்று முதலே ஆணுறை போன்ற வழக்கமான முறையைக் கைக்கொள்ள வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உட்கொண்டவர்கள் தினசரி கருத்தடை மாத்திரையை உடனேயே தொடங்கலாம்; முதல் 7 நாள்களுக்கு ஆணுறையும் தேவை.

அவசர மாத்திரையையே மாதந்தோறும் நாடுவது ஏன் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதை ஓர் ஒப்பீடு விளக்கும். அரசு வழங்கும் 'மாலா-என்' தினசரி மாத்திரை ஒன்றில் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ளது. அவசர மாத்திரையில் இருப்பது அதைப்போல் 10 மடங்கு. அடிக்கடி உட்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் குருதிப்போக்கு ஒழுங்கற்றதாகி, எது மாதவிடாய், எது கசிவு என்றே கணிக்க இயலாத நிலை ஏற்படும். பலனும் வழக்கமான முறைகளைவிடக் குறைவு. பால்வினை நோய்களிலிருந்து இம்மாத்திரை பாதுகாப்பு அளிப்பதும் இல்லை.

தவறும் வாய்ப்பும் மாற்று வழிகளும்

உலக சுகாதார அமைப்பின் தரவுகளின்படி, லெவோநார்ஜெஸ்ட்ரல் உட்கொண்டோரில் 100-க்கு 1.2 முதல் 2.1 பேர் வரை கருத்தரிக்கின்றனர். காலத்தாமதம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அந்த அமைப்பு நடத்தி 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில் முதல் 24 மணி நேரத்துக்குள் உட்கொண்டால் 95 சதவீதமும், 25 முதல் 48 மணி நேரத்துக்குள் 85 சதவீதமும், 49 முதல் 72 மணி நேரத்துக்குள் 58 சதவீதமும் தவிர்க்கப்பட்டன.

உடல் பருமன் குறியீடு 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு மருந்தின் பலன் குறையக்கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன், எச்.ஐ.வி. சிகிச்சைக்கான எஃபாவிரென்ஸ் ஆகியவற்றை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். இவர்கள் மருத்துவரைக் கலந்து, காப்பர்-டி போன்ற வேறு வழியைத் தேர்வது நல்லது.

உடலுறவு நிகழ்ந்த 5 நாள்களுக்குள் கருப்பையில் பொருத்தப்படும் காப்பர்-டி, அவசர கருத்தடை முறைகளிலேயே மிகுந்த பலன் தருவது. அதன் வெற்றி விகிதம் 99 சதவீதத்துக்கும் மேல். இதில் ஹார்மோன் இல்லாததால் முட்டை வெளியேறும் நாள் மாறுவதில்லை. மாதவிடாய் பெரும்பாலும் உரிய நாளிலேயே வரும். ஆனால் முதல் சில மாதங்களுக்குக் குருதிப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கலாம். எச்.எல்.எல். நிறுவனத்தின் திருவனந்தபுரம் ஆக்குளம் தொழிற்சாலையில் காப்பர்-டி உற்பத்தி செய்யப்படுகிறது.

வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ள யுலிப்ரிஸ்டல் என்ற மாத்திரையை 120 மணி நேரம் வரை உட்கொள்ளலாம். எல்.எச். எழுச்சி தொடங்கிய பிறகும், அது உச்சத்தை அடையும் முன்பாயின், முட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனால் மாதவிடாய் சராசரியாகச் சில நாள்கள் தாமதமாகவே வருகிறது. வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் தாங்கள் உட்கொண்டது எந்த மருந்து என்பதை அட்டையில் பார்த்து உறுதிசெய்துகொள்வது அவசியம். யுலிப்ரிஸ்டல் உட்கொண்டவர்கள் ஹார்மோன் கருத்தடை முறையைத் தொடங்க 5 நாள்கள் காத்திருக்க வேண்டும்.

'சாயா', 'சஹேலி' ஆகிய பெயர்களில் கிடைக்கும் வாராந்திர மாத்திரை அவசர கருத்தடைக்கானது அன்று. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த ஹார்மோன் அல்லாத அம்மாத்திரை முதல் 3 மாதங்களுக்கு வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் உட்கொள்ளப்படுவது. அதனாலும் மாதவிடாய் இடைவெளி நீளக்கூடும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எல்லையின் இருபுறமும்

கேரளத்தில் இம்மாத்திரை மருந்தகங்களில் கிடைக்கிறது. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. சட்டப்படி தடை ஏதும் இல்லாதபோதும், சென்னை உள்ளிட்ட பல நகரங்களின் மருந்தகங்கள் இதனை இருப்பு வைப்பதில்லை என்பதை ஊடகங்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வருகின்றன. மணிக்கணக்கில் பலன் குறையும் ஒரு மருந்துக்காகக் கடை கடையாக அலைய நேர்வது, மருந்தின் பயனையே குறைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அரசுச் சுகாதார அமைப்பு ஒரு மாற்று வழி. 2011-இல் தொடங்கப்பட்ட வீடுதேடி கருத்தடைச் சாதனங்கள் வழங்கும் திட்டத்தில் ஆஷா பணியாளர் வழியே அவசர கருத்தடை மாத்திரை 2 ரூபாய்க்கு வழங்கப்பட வகைசெய்யப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு அவசர கருத்தடை வழங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி என மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

கர்ப்பம் உறுதியானால்

பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானால் அதனைத் தொடர்வதும் நிறுத்துவதும் அப்பெண்ணின் முடிவு. தொடர விரும்புவோர், மாத்திரையினால் குழந்தைக்குக் குறைபாடு ஏற்படும் என அஞ்ச வேண்டியதில்லை. நிறுத்த விரும்புவோருக்கு 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வழி தருகிறது. 2021-இல் திருத்தப்பட்ட அச்சட்டப்படி 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதுமானது. குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்தின்பேரில் அனுமதி உண்டு. கருத்தடை முறை பலனளிக்காததால் உண்டான கர்ப்பமும் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. மணமாகாத பெண்களுக்கும் இச்சட்டத்தின் பயன் சமமாகப் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி தீர்ப்பளித்தது.

திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலும், தைக்காடு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும் மகப்பேறு மருத்துவர்களை அணுகலாம். கேரள அரசின் 'திஷா' சுகாதார உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104.

நினைவில் கொள்ள வேண்டியவை

* உடலுறவு நிகழ்ந்த நாள், மாத்திரை உட்கொண்ட நாள், முந்தைய மாதவிடாய் தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றையே.

* மாதவிடாய் ஒரு வாரம் வரை முன்பின்னாக வருவது இயல்பு. அந்த ஒரு மாதத்தில் குருதிப்போக்கின் அளவு மாறுவதும் இயல்பு.

* இடையில் ஏற்படும் கசிவை மாதவிடாயாகக் கணக்கிடாதீர்கள்.

* 7 நாள்களுக்கு மேல் தாமதமானாலோ, உடலுறவு நிகழ்ந்து 3 வாரங்கள் ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோ பரிசோதனை செய்யுங்கள்.

* கடும் அடிவயிற்று வலி, மயக்கம், மிகையான குருதிப்போக்கு ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். தொடர் பயன்பாட்டுக்குரிய கருத்தடை முறை குறித்து மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆலோசனை பெறுங்கள்.